கொதிக்கும் காரும் குளிர்ந்த ஏரியும்

ஸ்போர்ட்ஸ் கார் என்ற வார்த்தையைக் கண்டதும் பக்கத்தைப் புரட்டித் தொடர்கதைக்குத் தாவிவிடாதீர்கள்! கதாநாயகி எங்கும் போய்விட மாட்டாள். போன வாரம் எந்த மாடிப்படியில் கண்ணீரும் கம்பலையுமாக நின்றாளோ, அதே படியில்தான் இன்னும் நின்றுகொண்டிருப்பாள். அதற்குள் உங்களை ஒரு கேள்வி கேட்டுவிடுகிறேன்.

உங்கள் வீட்டில் பிரஷர் குக்கர் இருக்கிறது. மூன்று விசில் வந்து அடுப்பை அணைத்த கையோடு, வெயிட்டைப் பிடுங்கிவிட்டு மூடியைத் திறப்பீர்களா? "எங்களுக்கென்ன பைத்தியமா?" என்பீர்கள். ரொம்பச் சரி. ஆனால் அதே வீட்டில் சாப்பிட்டு வளர்ந்த ஆண்பிள்ளை, நெடுஞ்சாலையில் கார் கொதித்து நின்றால் என்ன செய்கிறார் தெரியுமா? இறங்கி, பானெட்டைத் தூக்கி, கைக்குட்டையை மடித்து வைத்துக்கொண்டு ரேடியேட்டர் மூடியைப் பிடித்துத் திருகுகிறார்!

என் மாமா அப்படித் திருகியவர். பன்னிரண்டு வருஷங்களுக்கு முன்னால், மதுராந்தகம் ஏரிக்கரை ஓரத்தில். மூடி ஒரு பக்கம் பறந்தது, ஆள் உயரத்துக்கு நீராவியும் வெந்நீரும் சீறிக்கொண்டு எழும்பின. முகம் தப்பியது தெய்வச் செயல். வலது மணிக்கட்டிலிருந்து முழங்கை வரையில் வெந்துவிட்டது. ஆறு வாரம் மாமிதான் சாதம் பிசைந்து ஊட்டினாள். இன்றைக்கும் அந்த இடத்துத் தோல் மட்டும் வேறு நிறமாகப் பளபளக்கிறது. அன்றிலிருந்து மாமி அந்தக் காரில் கால் வைப்பதில்லை.

இங்கே வண்டியைப் பற்றி நாலு வார்த்தை. இங்கிலாந்தில் பிறந்தது, வயது அறுபதுக்குக் குறையாது. இரண்டே ஆசனம், மேலே துணிக்கூரை, தரையோடு தவழ்கிற உயரம். கம்பெனியின் பெயரைச் சொல்லப் போவதில்லை. வயதானவர்களின் வியாதியை ஊர் முழுவதும் பறையடிப்பது மரியாதையல்ல. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளத்தில் ஒரு காலத்தில் கார்ப் பந்தயங்கள் நடந்தன அல்லவா? அங்கே சிறு பையனாக வேலி ஓரத்தில் நின்று புழுதி குடித்தவர் மாமா. அப்போது பிடித்த பைத்தியம், பென்ஷன் வாங்கும் வயதில் பலித்தது.

பழைய கொதிப்பு நடுவில் சில வருஷம் அடங்கியிருந்தது. இரண்டு வருஷமாகத் திரும்பவும் ஆரம்பித்துவிட்டது. மாமா சும்மா இருக்கவில்லை. ரேடியேட்டருக்கு முன்னால் மின்சார விசிறி ஒன்று வைத்தார். தண்ணீர் பம்ப்பைப் புதிதாக மாற்றினார். நகரத்தில் ஒரு பட்டறையில், "இந்த ஊர் வெயிலுக்கு இது எதுக்கு சார்?" என்று சொல்லித் தெர்மோஸ்டாட்டையே கழற்றிக் கையில் கொடுத்துவிட்டார்கள். பர்ஸ் குளிர்ந்ததே தவிர எஞ்சின் குளிரவில்லை. கடைசியில் மாமி தீர்ப்புச் சொல்லிவிட்டாள். "இன்னொரு தரம் அது கொதிச்சுதுன்னா வித்துடணும். எனக்கு உங்க இன்னொரு கையும் வேணும்." பெங்களூரில் வாங்குவதற்கு ஒருவர் தயாராகவே இருந்தார்.

நிலைமை இப்படியிருக்கும்போது, சென்ற மாசியில், வேடந்தாங்கல் பறவைகளைப் பற்றி எழுதி வரும்படி எங்கள் ஆசிரியர் எனக்கு உத்தரவு போட்டார். "நான் கொண்டுவிடுகிறேன், வா" என்றார் மாமா. அவருக்கு அது ஒரு பரீட்சை ஓட்டம். எனக்கா? ஸ்போர்ட்ஸ் காரில் போகக் கசக்குமா?

தாம்பரம் வரையில் ஊர்ந்து ஊர்ந்துதான் போனோம். உஷ்ணமானியின் முள் நடுவில் நல்ல பிள்ளையாக நின்றது. வண்டலூரைத் தாண்டும்போது மாமா வழக்கம்போல ஒரு பெருமூச்சு விட்டார். அங்கேதான் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனியின் தொழிற்சாலை இருந்தது. 1961-இலிருந்து ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார்களைச் செய்த இடம். உங்களில் சிலர் கல்யாணமாகிப் புக்ககம் போனதுகூட ஒரு ஹெரால்டில் இருக்கலாம். கூடுவாஞ்சேரிக்கு அப்பால் சாலை விரிந்தது. மாமா வேகத்தை எண்பதுக்கு ஏற்றினார். முள்ளும் ஏறத் தொடங்கியது. பரனூர் சுங்கச்சாவடியில் வரிசையில் நின்றோம். நின்றால் இன்னும் ஏறுமே என்று பயந்தால், முள் மெதுவாக இறங்கியது! வேடிக்கையாக இருந்ததால் நேரத்தைப் போட்டு நோட்டுப் புத்தகத்தில் குறித்துக்கொண்டேன்.

செங்கற்பட்டில் கொளவாய் ஏரி பளபளத்ததை நாங்கள் சரியாகப் பார்க்கவில்லை. இருவர் கண்ணும் முள்ளின் மேல்தான். பாலாற்றுப் பாலத்தில் ஏறும்போது சிவப்புக் கோட்டைத் தொட்டுவிட்டது. அப்போது மாமா ஒரு காரியம் செய்தார். குளிர் தேசத்து வண்டியாகையால் அதில் ஹீட்டர் உண்டு. அதை முழு வேகத்தில் திருப்பிவிட்டார். மாசி வெயில் மேலே, நெருப்புக் காற்று காலடியில்! ஆனால் இது பைத்தியக்காரத்தனம் அல்ல; எஞ்சினின் வெந்நீர்தான் ஹீட்டருக்குள்ளும் ஓடுகிறது. அதன் உஷ்ணத்தை நம் முழங்கால் வாங்கிக்கொண்டால் எஞ்சினுக்கு அவ்வளவு பாரம் குறையும். உங்கள் காரிலும் அவசரத்துக்கு இதைச் செய்யலாம். முழங்கால்தான் பாவம்.

பாலம் தாண்டி ஒரு புளியமரத்தடியில் நிறுத்தினோம். எஞ்சினை அணைத்ததும் உள்ளே குடுகுடுவென்று கொதிக்கும் சத்தம் அதிகமாயிற்று. பம்ப் நின்றுவிட்டதால் தண்ணீரும் சுற்றாமல் நின்றுவிடுகிறது. இரும்பில் தேங்கிய உஷ்ணம் முழுவதும் அந்தத் தண்ணீரில் இறங்குகிறது. ஆகவே அணைத்த முதல் சில நிமிஷங்கள்தான் பொல்லாத நிமிஷங்கள். மாமாவின் வலது கை தானாக மூடியை நோக்கி நகர்ந்தது. "மாமா!" என்றேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

அந்த மூடியில் இருக்கும் சங்கதி குக்கர் வெயிட்டின் சங்கதியேதான். திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கிறது. அழுத்தி மூடினால் கொதிநிலை ஏறுகிறது. வீட்டுக் குக்கரில் சதுர அங்குலத்துக்கு 15 பவுண்டு அழுத்தம். உள்ளே சுமார் 120 டிகிரி. மாமாவின் காரைப் போன்ற பழைய வண்டிகளின் மூடி 7 பவுண்டு தாங்கும். தண்ணீர் 110 டிகிரி வரையில் கொதிக்காமல் இருக்கும். அந்த நிலையில் மூடியைத் திறந்தால் அழுத்தம் ஒரு கணத்தில் போய்விடுகிறது. அத்தனை சூட்டில் இருக்கும் தண்ணீர் அக்கணமே நீராவியாகப் பொங்குகிறது. மாமாவின் கையை வேகவைத்தது அதுதான்.

முக்கால் மணி நேரம் காத்திருந்தாக வேண்டும். அந்த நேரத்துக்கு உங்களுக்கு ஒரு ஜெர்மானிய அம்மாளை அறிமுகம் செய்துவைக்கிறேன். பெர்த்தா பென்ஸ் என்று பெயர். மோட்டார் வண்டியைச் செய்த கார்ல் பென்ஸின் மனைவி. வண்டியைச் செய்தாரே தவிர அதை நாலு பேர் நம்பும்படி ஓட்டிக் காட்ட அந்த மனுஷருக்குத் தைரியம் போதவில்லை. 1888 ஆகஸ்டில் ஒரு நாள் பெர்த்தா, கணவரிடம் சொல்லாமல், இரண்டு பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு, மன்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸைம் ஊரிலிருந்த பிறந்தகத்துக்குப் புறப்பட்டுவிட்டாள். நூறு கிலோமீட்டருக்கு மேல்! உலகத்திலேயே அதுதான் முதல் நீண்ட கார்ப் பயணம் என்கிறார்கள். அந்த வண்டியில் ரேடியேட்டர் கிடையாது. எஞ்சினைச் சுற்றியிருந்த தண்ணீர் கொதித்து ஆவியாகிப் போய்க்கொண்டேயிருக்கும். ஆவி போகும்போது உஷ்ணத்தையும் கொண்டுபோய்விடும். ஆகையால் வழி நெடுகத் தண்ணீர் வாங்கி ஊற்றிக்கொண்டே போக வேண்டியிருந்தது. பெட்ரோல் குழாய் அடைத்துக்கொண்டபோது தொப்பி ஊசியால் குத்திச் சரி செய்தாள். எரிபொருள் தீர்ந்தபோது வீஸ்லோக் என்ற ஊரின் மருந்துக் கடையில் வாங்கினாள். நம் வீட்டுப் பெண்கள் பின்னூசியால் செய்யாத காரியம் உண்டா? அப்படித்தான் அதுவும்.

ரேடியேட்டரைத் தேன்கூடு மாதிரி செய்தது இன்னொருவர், வில்ஹெல்ம் மேபாக். 1901-இல் வந்த ஒரு காரில் 8,070 மெல்லிய குழாய்களை அடுக்கி வைத்தார். அந்தக் காருக்கு, அதை வரவழைத்த எமில் யெலினெக் என்பவருடைய பெண் குழந்தையின் பெயரையே வைத்தார்கள். மெர்சிடிஸ்!

அத்தனை குழாய்கள் எதற்கு? நீங்கள் காபியை டபராவுக்கும் டம்ளருக்குமாக எதற்காக ஆற்றுகிறீர்களோ அதற்காகத்தான். எரிகிற பெட்ரோலின் உஷ்ணத்தில், தோராயமாக மூன்றில் ஒரு பங்கைத் தண்ணீர் சுமந்துகொண்டு வெளியே வர வேண்டியிருக்கிறது. எஞ்சினின் மேல் பக்கத்திலிருந்து ஒரு ரப்பர்க் குழாய் வழியாக வெந்நீர் ரேடியேட்டருக்கு வரும். மெல்லிய குழாய்களில் மெலிந்து மெலிந்து இறங்கும்போது காற்று அதை ஆற்றும். ஆறிய தண்ணீரை அடிப்பக்கத்து ரப்பர்க் குழாய் வழியாகப் பம்ப் திரும்பவும் உறிஞ்சி எஞ்சினுக்குள் தள்ளும். இவ்வளவுதான் யந்திரம். இதில் எங்கே கோளாறு என்பதுதான் இரண்டு வருஷமாக ஒருவருக்கும் புலப்படவில்லை.

டீக்கடைக்காரர் போன் போட்டு, படாளம் கூட்டு ரோட்டிலிருந்து ஒரு பெரியவரை வரவழைத்தார். எழுபது வயதிருக்கும். மொபெட்டில், முன்னால் ஒரு தண்ணீர்க் கேனோடு வந்து இறங்கினார். இப்போது டிராக்டரும் டீசல் பம்ப்செட்டும்தான் பார்க்கிறாராம். தொழில் கற்றது சென்னையில், ஹெரால்டு கார்களில். காரைக் கண்டதும் முகம் மலர்ந்தது. மலர்ந்ததே தவிர வண்டியைத் தொடவில்லை. கேள்விதான் கேட்டார்.

"சார், இது ஓடறப்போ கொதிக்குதா, நிக்கறப்போ கொதிக்குதா?"

"புது பம்ப் போட்டாச்சு. விசிறி போட்டாச்சு. தெர்மோஸ்டாட்டையும்..."

"போட்டதெல்லாம் அப்புறம் சொல்லுங்க சார். எப்போ கொதிக்குது?"

நான் நோட்டுப் புத்தகத்தைப் பிரித்து வாசித்தேன். தாம்பரத்து நெரிசலில் நடுவில், எண்பதில் ஏறியது, பரனூரில் நின்றபோது இறங்கியது. பெரியவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். ஜாதகம் வாசித்த மாதிரி இருந்தது.

"அப்போ விசிறியை விட்டுடுங்க" என்றார்.

எவ்வளவு சுலபம் பாருங்கள்! விசிறிக்கு வேலை வண்டி நிற்கும்போதும் ஊரும்போதும்தான். எண்பதில் ஓடும்போது எதிர்க்காற்றே விசிறியைக் காட்டிலும் பலமாக வீசுகிறது. நிற்கும்போது கொதித்தால் விசிறியைச் சந்தேகிக்க வேண்டும். ஓடும்போது கொதித்தால் காற்றில் குறையில்லை. தண்ணீர்தான் வேண்டிய அளவு சுற்றவில்லை. கிளப்பின சில நிமிஷத்திலேயே கொதித்தால் தெர்மோஸ்டாட் மூடினபடி சிக்கியிருக்கலாம். தண்ணீர் மாயமாகக் குறைந்துகொண்டே வந்தால் கசிவு. வெளியே கசிவு தெரியாவிட்டால் எஞ்சினுக்குள்ளேயே கசிகிறது, அது பெரிய செலவு. குழந்தைக்கு ஜுரம் என்று போனால், கெட்டிக்கார டாக்டர் மருந்துச் சீட்டைத் தேடுவதற்கு முன்னால் "எப்போ வருது? சாயங்காலமா, விடியற்காலையா?" என்று கேட்கிறாரே, அதே கேள்விதான் இது. இரண்டு வருஷத்தில் எந்தப் பட்டறையும் அதைக் கேட்கவில்லை என்பதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆத்திரமாக வருகிறது.

சூடு நன்றாக அடங்கிய பிறகு ஈரச் சாக்கை மூடி மேல் போட்டு, கால் திருகு திருகினார். 'உஸ்' என்று மிச்ச மூச்சு போயிற்று. பிறகுதான் முழுவதும் திறந்தார். மூடியைத் திருப்பி அடியிலிருந்த ரப்பர் வளையத்தைக் காட்டினார். பழைய குக்கரின் காஸ்கெட் எப்படிக் காய்ந்து வெடித்துப் போகுமோ அப்படி! அதில் ஏழு பவுண்டு என்ன, ஒரு பவுண்டுகூட நிற்காது. கேனிலிருந்து தண்ணீரைச் சிறிது சிறிதாக ஊற்றினார். சூட்டோடு இருக்கும் எஞ்சினில் பச்சைத் தண்ணீரைக் கொட்டினால் இரும்பு விரிந்துபோகும். காய்ந்த வாணலியில் தண்ணீர் தெளித்தால் என்ன ஆகிறது, தெரியுமே.

"இப்போ ஸ்டார்ட் பண்ணுங்க சார். அம்மா, நீங்க இப்படி வாங்க. துப்பட்டாவை இறுக்கிச் செருகிக்குங்க. விசிறி கிட்டே போக வேணாம். அந்தக் கீழ்க் குழாயை மட்டும் பாருங்க."

எஞ்சின் மெதுவாக ஓடியது. அடிப்பக்கத்து ரப்பர்க் குழாய் வாழைத்தண்டு மாதிரி உருண்டையாக இருந்தது. "இப்போ மிதிங்க!" என்றார். மாமா மிதித்தார். என் கண்ணெதிரே, யாரோ கண்ணுக்குத் தெரியாத இரண்டு விரலால் பிடித்து நசுக்கினதுபோல அந்தக் குழாய் சப்பையாக ஒட்டிக்கொண்டது! "விடுங்க!" காலை எடுத்தார். குழாய் திரும்பவும் உருண்டு திரண்டு, ஒன்றுமறியாத பாவத்தோடு நின்றது.

இளநீர்க் கடையில் நைந்த காகித ஸ்ட்ராவைப் போட்டு வேகமாக உறிஞ்சியிருக்கிறீர்களா? ஸ்ட்ரா ஒட்டிக்கொள்ளும்; இளநீர் வராது. அதே கதை. வேகத்தில் பம்ப் பலமாக உறிஞ்சுகிறது. உறிஞ்சுகிற பக்கத்துக் குழாய் நசுங்காமலிருக்க உள்ளே ஒரு சுருள்கம்பி இருக்க வேண்டும். எப்போதோ குழாயை மாற்றின யாரோ ஒரு புண்ணியவான் கம்பியை எடுத்துத் தூர எறிந்துவிட்டார். மூடி நன்றாக இருந்த வரையில் உள்ளழுத்தம் குழாயைத் தாங்கிப் பிடித்திருக்கிறது. மூடியும் கெட்டதும் குழாய்க்கு ஆதாரம் போய்விட்டது. பட்டறைகளில் எல்லாரும் வண்டியை நிறுத்திவைத்துக்கொண்டு பார்த்தார்கள். நிற்கும்போது குழாய் ஆரோக்கியமாகத்தானே இருக்கும்! புதுப் பம்ப் போட்டபோது உறிஞ்சல் இன்னும் பலமாகி, நிலைமை மோசமானதுதான் மிச்சம்.

பெரியவர் ரேடியேட்டரின் முகத்தையும் உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். ஒரு மூலை மட்டும் சில்லென்று இருந்தது. சூடாக இருக்க வேண்டிய இடம் சில்லென்றிருந்தால் அந்தப் பக்கத்துக் குழாய்களில் வெந்நீர் போகவில்லை என்று அர்த்தமாம். "உப்பு அடைச்சிருக்கு. வீட்டுக்குப் போய் கழுவிக்கலாம்" என்றார்.

கட்டுக்கம்பியை ஒரு மூங்கில் துண்டின் மேல் நெருக்கமாகச் சுற்றிச் சுருளாக்கி, ரப்பர்க் குழாயைக் கழற்றி அதற்குள் நுழைத்தார். "இது ஊர் போய்ச் சேர்ற வரைக்கும்தான். துருப்பிடிக்கும். சரியான குழாய் வாங்கிப் போட்டுடுங்க" என்று இரண்டு தரம் சொன்னார். மாமா மறுபடியும் மிதித்தார், குழாய் அசையவில்லை. மாமா இறங்கி வந்து அந்தக் குழாயை வெகு நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். ஒன்றும் பேசவில்லை.

நாற்பது, ஐம்பது என்று நிதானமாகப் போய் வேடந்தாங்கல் சேரும்போது மணி நாலரை. அதுவும் நல்லதுதான். இரை தேடப் போன பறவைகள் கூட்டம் கூட்டமாகத் திரும்புகிற நேரம் அது. ஏரித் தண்ணீரில் நிற்கும் கடப்ப மரங்களில் இலை தெரியவில்லை; நாரையும் அரிவாள் மூக்கனும் நீர்க்காகமும்தான் தெரிந்தன. பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியிலேயே இந்த ஊர்க்காரர்கள், இங்கே யாரும் பறவைகளைச் சுடக் கூடாது என்று செங்கற்பட்டுக் கலெக்டரிடம் எழுதி வாங்கிக்கொண்டவர்கள். 1936-இல்தான் சர்க்கார் இதைச் சரணாலயம் என்று ஒப்புக்கொண்டது. பறவைகளின் எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் பாய்ந்தால் வயலுக்கு வேறு உரம் வேண்டாம் என்பது அவர்களுடைய கணக்கு. தீபாவளிக்கு வெடி வெடிக்காத ஊர்.

கரையில் நின்று தொலைநோக்கியைக் கண்ணில் வைத்தேன். மேல்வெயில் விழுந்த கிளையில் ஒரு நீர்க்காகம் வாயைப் பிளந்துகொண்டிருந்தது. தொண்டை மட்டும் கிடுகிடுவென்று துடித்தது. காவலர் ஒருவர் சொன்னார்: "சூட்டைத் தணிச்சுக்குதுங்க." பறவைக்கு வியர்வை கிடையாது. தொண்டையை அசைத்து அசைத்து ஈரத்தை ஆவியாக்கி உடம்பின் உஷ்ணத்தை வெளியே அனுப்புகிறது. கூழைக்கடாவும் பாம்புத்தாராவும் செய்வது இதைத்தான். பெர்த்தா அம்மாளின் கார் செய்ததும் இதுவேதான் என்று எனக்குத் தோன்றியது. கொஞ்சம் தள்ளி ஒரு மஞ்சள் மூக்கு நாரை, கூட்டின் மேற்குப் பக்கமாக நின்று, இரண்டு சிறகையும் விரித்துப் பிடித்துக்கொண்டிருந்தது. பறப்பதற்கல்ல. அடியில் மூன்று குஞ்சுகள் அந்த நிழலில் ஒண்டிக்கொண்டிருந்தன. சூரியன் நகர நகரத் தாயும் நகர்ந்தது. அரை மணி நேரம் பார்த்தேன், சிறகு தாழவில்லை.

திரும்பும் வழியில் முள் நடுவைத் தாண்டவில்லை. ஆனால் வேலை முடியவில்லை. மீதி வேலை மாமியின் சமையலறையில் நடந்தது.

கழற்றிப் போட்ட தெர்மோஸ்டாட் காரின் டப்பாவில் கிடந்தது. உள்ளங்கை அகலப் பித்தளைச் சாமான். நடுவில் ஒரு சிறு கதவு. எஞ்சின் ஜில்லென்றிருக்கும்போது கதவு மூடியிருக்கும், தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமல் எஞ்சினுக்குள்ளேயே சுற்றிச் சீக்கிரம் சூடாகும். சூடானதும் கதவு திறக்கும். உள்ளே இருப்பது மெழுகு. உருகினால் பெருத்துக் கதவைத் தள்ளுகிறது. அதை எடுத்துவிட்டால் எஞ்சின் வெகு நேரம் வேண்டிய சூட்டுக்கு வராமல் பெட்ரோலைக் குடிக்கும். கொதிக்கும் வண்டிக்கு அது வைத்தியமும் அல்ல. நம் ஊர் வெயில் என்ன வெயிலானாலும் 82 டிகிரி இல்லையே!

மாமி ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வைத்தாள். தெர்மோஸ்டாட்டை நூலில் கட்டி, அடியில் படாமல் தொங்கவிட்டேன். ஜாம் காய்ச்சும் தெர்மாமீட்டரைப் பக்கத்தில் பிடித்துக்கொண்டாள் மாமி. எழுபது... எழுபத்தைந்து... ஒன்றுமில்லை. எண்பதைத் தாண்டியதும் அந்தச் சின்னக் கதவு மெல்ல மெல்ல விலகியது. "மூச்சு விடறதே!" என்றாள் மாமி. அடுப்பை அணைத்தோம்; ஆறினதும் மூடிக்கொண்டது. ஒரு குறையுமில்லாத பொருளைத்தான் கழற்றிக் கையில் கொடுத்திருக்கிறார்கள்!

ரேடியேட்டர் அடைப்புக்குக் காரணம் கண்டுபிடித்ததும் மாமிதான். ரேடியேட்டரின் கழுத்துக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "இது நம்ம வெந்நீர்ப் பாத்திரத்துல படியற சுண்ணாம்பு!" என்றாள். பாத்திரத்துக்கும் காருக்கும் ஒரே போர்த் தண்ணீர். பாத்திரத்தை மாமி புளி போட்டுத் தேய்க்கிறாள். காரை யார் தேய்த்தார்கள்? எலுமிச்சை உப்பு என்று மளிகைக் கடையில் கிடைக்கும் சிட்ரிக் ஆசிட்டைக் கரைத்து ஊற்றி, சற்று நேரம் எஞ்சினை ஓட்டி, வடித்து, பிறகு ரேடியேட்டரைத் தலைகீழாக, அடியிலிருந்து மேலாகத் தண்ணீர் விட்டு அலசினோம். வந்த தண்ணீரின் நிறத்தை இந்தப் பக்கத்தில் வர்ணிக்க வேண்டாம்.

இப்போது அதில் பாதி வடிநீர், பாதி கூலண்ட். கூலண்ட் குளிர் தேசத்துக்குத்தான் என்று நினைக்க வேண்டாம். அது கொதிநிலையை ஏற்றுகிறது, துருவைத் தடுக்கிறது. ஆனால் ஒன்று. அது பார்க்க சர்பத் மாதிரி பச்சையாகவோ சிவப்பாகவோ இருக்கும், ருசியும் தித்திப்பு. சாதாரணக் கூலண்டில் இருப்பது எத்திலீன் கிளைக்கால், கொடிய விஷம். மீதியைப் பழைய ஜூஸ் பாட்டிலில் ஊற்றி வைக்கும் பழக்கம் உங்கள் வீட்டில் இருந்தால் இன்றைக்கே தேடி எடுத்துவிடுங்கள். குழந்தையும் நாய்க்குட்டியும் அதைக் குடித்துவிடும்.

உங்கள் வீட்டுக் கார் புதுசாக இருக்கும். அதில் ஓரமாக ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் தொட்டி இருக்கும். மேல்கோடும் கீழ்க்கோடும் போட்டிருக்கும். காலையில் எஞ்சின் ஆறியிருக்கும்போது மட்டம் இரண்டு கோட்டுக்கும் நடுவில் இருக்கிறதா என்று பாருங்கள். அதற்கு எந்த மெக்கானிக்கும் தேவையில்லை. எண்ணெய் பார்க்கும் குச்சியில் எண்ணெய் காபியில் பால் விட்ட நிறமாக இருந்தாலோ, சூடான எஞ்சினிலிருந்து வெள்ளைப் புகை விடாமல் வந்தாலோ, வண்டியை ஓட்டாமல் ஆளைக் கூப்பிடுங்கள். ஓடும் வழியில் சிவப்பு விளக்கு எரிந்தால், ஏ.சி.யை நிறுத்தி, ஓரமாக நிறுத்தி, எஞ்சினை அணைத்துவிட்டுக் காத்திருங்கள். அரை மணிக்குக் குறைந்து மூடிப் பக்கம் போகக் கூடாது. அப்படியும் எவருக்காவது சுட்டுவிட்டால் இங்க், பற்பசை, மாவு எதுவும் வேண்டாம். வளையல், மோதிரத்தைக் கழற்றிவிட்டு, ஓடும் குழாய்த் தண்ணீரில் 20 நிமிஷம் காட்டிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மாமாவுக்கு அன்று ஏரிக்கரையில் இதைச் சொல்ல ஆள் இல்லை.

சுருள்கம்பி வைத்த குழாயும் புது மூடியும் சேர்ந்து, மாமா முன்னே வாங்கின மின்சார விசிறியின் விலையில் பத்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை. பெங்களூர்க்காரருக்கு மாமி தானே போன் பண்ணி, விற்கிற உத்தேசம் இல்லை என்று சொல்லிவிட்டாள். படாளத்துப் பெரியவருக்கு ஒரு டப்பா மைசூர்பாகும், கட்டுக்கம்பிச் சுருளும் போய்ச் சேர்ந்தன. சுருளை அவர்தான் திருப்பிக் கேட்டிருந்தார், எத்தனை நாள் தாங்கியது என்று பார்க்க.

போன ஞாயிற்றுக்கிழமை மாமாவின் கார் மாமல்லபுரத்துக்குப் போயிற்று. கடற்கரைச் சாலையில் தொண்ணூறைத் தொட்டதாகவும் முள் அசையவில்லை என்றும் கேள்வி. கேள்விதான், ஏனென்றால் நான் போகவில்லை. அது இரண்டு பேர் வண்டி. என் ஆசனத்தில் மாமி உட்கார்ந்துகொண்டுவிட்டாள்.